கலைத்து விட்டதும் கிழங்கு வைத்த முள்ளங்கி

இந்த முறை முள்ளங்கி கிழங்கு வைத்துவிட்டது. அங்கொன்றும் இங்கொன்றுமாக இல்லை, செடி வளர்க்கும் பை முழுக்க! சிவப்பு உருண்டை ரகம் எல்லாம் ஒரே சீராகத் திரண்டு, வெட்டிப் பார்த்தால் உள்ளே கெட்டியாக, வெள்ளை வெளேரென்று இருக்கிறது. நீள வெள்ளை இன்னும் தொட்டியில்தான் இருக்கிறது.

மண் கலவை நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதை விட்டுவிடுகிறேன். நான் சொல்ல வந்தது கலைத்து விடுவதைப் பற்றி, அதாவது நெருக்கமாக முளைத்த நாற்றுகளில் சிலவற்றை நீக்கி, மீதிக்கு இடைவெளி கொடுப்பது. மேலே இலை செழித்து, அடியில் எலிவால் போல வேர் மட்டும் வருகிறது என்று புலம்புபவர்கள் முதலில் உரத்தைத்தான் சந்தேகப்படுகிறார்கள். எனக்குத் தெரிந்து பெரும்பாலும் காரணம் நெருக்கம். முள்ளங்கியில் பருக்கிற பாகம் வேர் மட்டும் இல்லை. விதையிலைக்கு (முளைக்கும்போது முதலில் விரிகிற ஜோடி இலை) கீழே உள்ள தண்டும் அதோடு சேர்ந்து பருக்கிறது. நாற்றுகள் நெருக்கியடித்து நின்றால், அந்தத் தண்டு வெளிச்சம் தேடி மேலே நீண்டுகொண்டே போகும். பருக்காது.

விதையிலைக்கு அடுத்து வருகிற முதல் உண்மையிலை விரிந்ததும் கலைக்க வேண்டும். பிடுங்கவே கூடாது. பக்கத்து நாற்றின் வேர் அதற்குள் பின்னியிருக்கும். ஒன்றை இழுத்தால் நாம் விட்டுவைக்கும் நாற்றின் ஆணிவேரும் அசைந்து, பின்னால் கிழங்கு இரண்டு காலாகப் பிரியலாம். தரையை ஒட்டி வெட்டுவதுதான் சரி. அதற்குத் தோட்டக் கத்தரி வேண்டாம், அதன் வாய் பெரிது, பக்கத்துத் தண்டையும் சேர்த்து நறுக்கிவிடும். தையலுக்கு நூல் வெட்டுகிற சின்னக் கத்தரி இருக்கிறதே, நுனி கூராக, உள்ளங்கைக்குள் அடங்குமே, அதைவிட நல்ல கருவி இந்த வேலைக்கு இல்லை. அதைத் தோட்ட வேலைக்கென்றே தனியாக வைத்துவிட்டேன்.

எதை விட்டுவைப்பது என்பதில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். கண் முதலில் உயரமான நாற்றைத்தான் தேடும். ஆனால் உயரமானது வெளிச்சம் போதாமல் நீண்டது. குட்டையாக, தண்டு தடித்து, விதையிலை இரண்டும் மண்ணை ஒட்டி விரிந்திருப்பதை விட்டுவையுங்கள். உருண்டை ரகத்துக்கு 5 செ.மீ. இடைவெளி, நீள ரகத்துக்கு 10 முதல் 15 செ.மீ. நான் இரண்டு தடவையாகக் கலைக்கிறேன்: முதலில் பாதி இடைவெளிக்கு, மீதி அடுத்த வாரம். நடுவில் பூச்சி ஒன்றிரண்டைத் தின்றாலும் இடம் வெறுமையாகாது. வெட்டியதைத் தூக்கிப் போட வேண்டாம், அந்தத் தளிர் பச்சையாகவே தின்ன நன்றாக இருக்கும்.

கலைத்த பிறகு தண்டின் அடியில் மெல்லிய தோல் நீளவாக்கில் கிழிந்து, சின்னப் பட்டையாகத் தொங்கும். நோய் என்று நினைத்துப் பிடுங்கிவிடாதீர்கள்! உள்ளே பருக்கத் தொடங்கியதால் பழைய மேல்தோல் இடம் கொடுக்க முடியாமல் கிழிகிறது. அதைப் பார்த்தாலே எனக்கு உற்சாகம் வந்துவிடும், கிழங்கு நிச்சயம் என்று அர்த்தம்.

இடைவெளி சரியாக இருந்தும் இலைதான் வருகிறது என்றால், தழைச்சத்து (நைட்ரஜன்) மிகுந்திருக்கலாம், அல்லது தினமும் 6 மணி நேரமாவது வெயில் விழாமல் இருக்கலாம். வெயிலுக்கும் வெப்பத்துக்கும் வித்தியாசம் உண்டு. வெப்பம் ஏறினால் கிழங்கு வைக்காமலே பூத்தண்டு கிளம்பும், காரமும் கூடும். வெடிப்புக்குக் காரணம் தண்ணீர்: காயவிட்டு, அப்புறம் ஒரேயடியாக ஊற்றுவது. உள்ளே பஞ்சு பஞ்சாக இருந்தால் அறுவடை தள்ளிப்போயிருக்கிறது. உருண்டை ரகம் விதைத்து 25 முதல் 30 நாளில் தயாராகிவிடும், பெரிதாகட்டும் என்று விட்டுவைத்தால் ருசி போய்விடும்.

இலையில் ஊசியால் குத்தியதுபோல ஓட்டைகள் என்றால், தொட்டவுடன் துள்ளிக் குதிக்கிற குட்டி வண்டைத் தேடுங்கள். அது வராமலிருக்க, பூச்சி வலையை விதைத்த அன்றே போர்த்த வேண்டும். முந்தைய முறை முட்டைக்கோஸோ முள்ளங்கியோ இருந்த அதே மண் என்றால் வண்டு வலைக்கு உள்ளேயே மண்ணிலிருந்து கிளம்பும், அதனால் மண்ணையும் மாற்றுங்கள்.

விதை வாங்கும்போது ரகமும் தேதியும் அச்சிட்ட பாக்கெட்டாக வாங்குங்கள். உதிரி விதையில் உருண்டையும் நீளமும் கலந்திருந்தால் எவ்வளவு இடைவெளி விடுவது என்றே தெரியாது. ஈரம் படாமல் வைத்தால் முள்ளங்கி விதை நாலு வருடம் தாங்கும். அடுத்து சொந்த விதை எடுக்கும் திட்டம் இருக்கிறது. ஒற்றைச் செடியை விட்டால் பெரும்பாலும் காய் பிடிக்காது, தன் மகரந்தத்தை அது ஏற்பதில்லை. அதனால் நல்ல செடிகளாகப் பார்த்து ஐந்தாறு விடப்போகிறேன். உருண்டையும் நீளமும் ஒரே சமயம் பூத்தால் தேனீ கலந்துவிடும், ஒரு பருவத்துக்கு ஒரு ரகம்தான். பிஞ்சுக் காயையும் சாப்பிடலாம் என்பது கூடுதல் லாபம்.

சரி, நீள வெள்ளைக்கு வருகிறேன். 30 செ.மீ.க்குக் குறையாத ஆழம் கொடுத்து, மண்ணைச் சலித்துக் கல் நீக்கித்தான் விதைத்தேன். முதல் கலைப்பு முடிந்தது. இரண்டாவதை இந்த வாரமே முடிக்க வேண்டும், இலைகள் ஒன்றையொன்று தொட ஆரம்பித்துவிட்டன. அது முடிந்ததும் காலியான பையில் மண் மாற்றி, உருண்டை ரகத்தை மறுபடி விதைக்கிறேன்; இந்தத் தடவை மொத்தமாக இல்லாமல், பத்து நாளுக்கு ஒரு வரிசையாக.