லிட்டருக்கு எவ்வளவு என்று கேட்டால் கணக்கு தப்பும்

ஒரு பொருள் சுற்றுச்சூழலுக்கு எவ்வளவு சுமை என்று அளக்கும்போது, பெரும்பாலான கணக்குகள் சறுக்குவது முதல் வரியிலேயே. அலகு தவறாக இருந்தால் பின்னால் எவ்வளவு துல்லியம் காட்டினாலும் வீண்.

இரண்டு பெயின்ட்டுகளை எடுத்துக்கொள்வோம் (எண்கள் உதாரணத்துக்கு மட்டும்). முதலாவது: லிட்டருக்கு 2 கிலோ கரியமில வாயு, 10 சதுர மீட்டர் பூசலாம், 5 ஆண்டு தாங்கும். இரண்டாவது: 2.8 கிலோ, 8 சதுர மீட்டர், 10 ஆண்டு. லிட்டர் கணக்கில் முதலாவதே மேல். ஆனால் 100 சதுர மீட்டர் சுவரை 20 ஆண்டு காக்க முதலாவதில் 40 லிட்டர், 80 கிலோ. இரண்டாவதில் 25 லிட்டர், 70 கிலோ. பொருளின் முழு ஆயுள் சுமையை அளப்பதற்கான சர்வதேசத் தரம் ஐஎஸ்ஓ 14044 கேட்கும் செயற்பாட்டு அலகு (பொருளின் அளவை அல்ல, அது செய்யும் வேலையைக் கொண்டு ஒப்பிடும் அலகு) இப்படித்தான் இருக்க வேண்டும்.

இங்கேயும் ஒரு பொறி. '10 ஆண்டு' எங்கிருந்து வந்தது? விற்பனைத் தாளிலிருந்து என்றால் நம்பாதீர்கள். ஆயுள் 8 ஆண்டாகக் குறைந்தால் இரண்டாவது 87.5 கிலோவாக ஏறி, தோற்றுவிடும். இரண்டும் சமமாகும் திருப்புமுனை 8.75 ஆண்டு. இந்த எண்ணை அறிக்கையில் போடாமல் 'இதுவே பசுமையானது' என்று எழுதுவது வெறும் விளம்பரம்.

மறுசுழற்சி உலோகத்தில் வேறொரு திருட்டுத்தனம் நடக்கும்: பழைய உலோகம் சேர்த்ததற்கு உற்பத்திச் சுமையில் ஒரு தள்ளுபடி, கடைசியில் உருக்கக் கொடுப்பதற்கு இன்னொரு தள்ளுபடி. ஒரே பலனை இரண்டு முறை எண்ணக்கூடாது, ஏதாவது ஒன்றுதான்.

சமூகப் பக்கம் இன்னும் சிக்கல். ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2020 வழிகாட்டி தொழிலாளர், உள்ளூர் மக்கள், நுகர்வோர், குழந்தைகள் எனத் தரப்பு தரப்பாகப் பார்க்கச் சொல்கிறது. மூலப்பொருள் எடுப்பதிலிருந்து தூக்கி எறிவது வரை ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை உழைப்பு மணி, அதில் எவ்வளவு ஆபத்தான சூழலில் என்று பிரிப்பது நடைமுறையில் உதவும். இதற்கான சமூக அபாயத் தரவுத்தளங்கள் தருவது பெரும்பாலும் நாடு, துறை அளவிலான சராசரி. எங்கே தோண்ட வேண்டும் என்று அது காட்டும், குறிப்பிட்ட ஆலையைப் பற்றித் தீர்ப்புச் சொல்லாது. அதற்குச் சம்பளப் பதிவேடும் விபத்துப் பதிவேடும் வேண்டும், ஒப்பந்தத் தொழிலாளர்களையும் சேர்த்து.

எல்லாவற்றையும் ஒரே மதிப்பெண்ணாகச் சுருக்காதீர்கள். ஓரிடத்தில் நல்ல சம்பளம் கொடுத்ததால் இன்னோரிடத்துக் குழந்தை உழைப்பு ஈடாகிவிடாது. தகவல் கிடைக்காத கட்டத்தில் 'தகவல் இல்லை' என்றே எழுதுங்கள். பூஜ்யம் போட்டால், கூட்டும்போது அது 'குறையே இல்லை' என்று ஆகிவிடும்.