திரையில் 181

வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பயிற்றுநர் வாய் திறக்கக் கூடாது என்பதை நான் ஒரு விதியாகவே வைத்திருக்கிறேன். பிள்ளைகள் முன்னால் திருத்தப்பட்ட ஆசிரியர், அதன்பின் எவ்வளவு நல்ல கருவியைக் கொடுத்தாலும் தொடமாட்டார். தொடச் சொன்னவரையும் நம்பமாட்டார். ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும் வட்டார வள மையத்துக்கு வந்த புதிதில் மூத்த பயிற்றுநர்கள் எனக்குச் சொல்லிக்கொடுத்தது இது. இன்றும் அது சரியென்றே நினைக்கிறேன். ஆனால் ஏழாம் வகுப்புக் கணக்குப் பாடவேளை ஒன்றில் நான் அந்த விதியைக் கடைப்பிடித்தேனா, அதன் பின்னால் ஒளிந்துகொண்டேனா என்பது மட்டும் எனக்கு இன்னும் தெளியவில்லை.

முக்கோணத்தின் மூன்று கோணங்களின் கூடுதல் 180° என்பது பாடம். ஆசிரியை ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளில் ஒரு முக்கோணம் வரைந்து, அதன் உச்சியைப் பிடித்து இழுக்க இழுக்கக் கோணங்கள் மாறுவதையும் கூடுதல் மாறாமல் நிற்பதையும் திறன்மிகு பலகையில் (ஸ்மார்ட் போர்டு) காட்டிக்கொண்டிருந்தார். பக்கத்துப் பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் நான் செய்து காட்டியதை ஒரு படிகூடத் தவறாமல் செய்தார். தசமப் புள்ளிகள் பிள்ளைகளைக் குழப்பும், கோண அளவுகள் முழு எண்ணாகத் தெரியும்படி அமைத்துக்கொள்ளுங்கள் என்று அந்தக் கூட்டத்தில் சொன்னதும் நான்தான். சில முக்கோணங்கள் நல்லபடியாகவே போயின. பிறகு நடுவரிசையில் இருந்து ஒரு பையன், "மிஸ், 181 வருது மிஸ்" என்றான். திரையில் இருந்தவை 47, 62, 72. எப்படிக் கூட்டினாலும் 181தான்.

ஆசிரியை பலகையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு பையனிடம், "கம்ப்யூட்டர் தப்பாப் போடாது, நீ இன்னொரு தடவை கூட்டிப் பாரு" என்றார். அவன் குனிந்து கூட்டிக்கொண்டிருக்கையில் உச்சியை மயிரிழையளவு நகர்த்தினார். 47 என்பது 46 ஆயிற்று. நிமிர்ந்து பார்த்த பையன் திரையில் இருந்த எண்களை மறுபடி கூட்டினான், 180 வந்தது, நோட்டில் இருந்ததை அழித்துவிட்டு எழுதினான். பாடம் தொடர்ந்தது. நான் உற்றுநோக்கல் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன்.

உண்மையில் அங்கே நடந்தது மிக எளிய விஷயம். கோணங்கள் 46.6, 61.7, 71.7 என்பதுபோல இருந்திருக்க வேண்டும். கூட்டினால் சரியாக 180. ஒவ்வொன்றையும் தனித்தனியே அருகிலுள்ள முழு எண்ணாக்கும்போது மூன்றும் மேலே ஏறி, கூடுதலில் ஒன்று அதிகமாகிவிடுகிறது. மென்பொருள் உள்ளே துல்லியமான அளவைத்தான் வைத்திருக்கிறது, நமக்குக் காட்டுவதை மட்டுமே சுருக்குகிறது. மனம்போனபடி இழுத்து நிறுத்தினால் ஏறக்குறைய நான்கில் ஒரு தடவை 179 அல்லது 181 வந்தே தீரும். இரண்டு தசம இடங்கள் வைத்தாலும் இதே கதைதான், 179.99 என்றோ 180.01 என்றோ நிற்கும். ஆக, அந்தப் பையன் கேட்டது தற்செயலான கேள்வியல்ல. யாராவது ஒருவர் ஒழுங்காகக் கூட்டினால் எந்த வகுப்பிலும் எழக்கூடியது.

பாடவேளை முடிந்து தாழ்வாரத்தில் நடக்கும்போது, "சார், அது ஏன் அப்படிக் காட்டிச்சு?" என்று ஆசிரியையே கேட்டார். சொன்னேன். உடனே புரிந்துகொண்டார், இருபது ஆண்டுகளுக்கு மேல் கணக்குச் சொல்லிக்கொடுப்பவர். சற்று நேரம் பேசாமல் வந்தவர், "அப்பவே சொல்லியிருக்கலாமே சார், நான் உங்களைப் பார்த்தேனே" என்றார். வகுப்பில் குறுக்கிடுவதில்லை என்ற வழக்கத்தைச் சொன்னேன். "உங்க வழக்கம் சரிதான் சார். அந்தப் பையன் சரியாத்தானே கூட்டினான்?" என்றார். நாளைக்கு நீங்களே அவனிடம் சொல்லிவிடுங்கள், அதுவே நல்ல பாடமாக அமையும் என்று பதில் சொன்னேன். தலையசைத்தார். சொன்னாரா என்பதை நான் கேட்டு அறியவில்லை. கேட்டால் சரிபார்க்க வந்ததுபோல ஆகிவிடும் என்று அன்று தோன்றியது, இன்றும் தோன்றுகிறது.

அவர் என்னைப் பார்த்த அந்தப் பார்வையைத்தான் மறுபடி மறுபடி எண்ணிப் பார்க்கிறேன். உதவி கேட்டுப் பார்த்ததாக அவர் பின்னர் சொன்னார். அந்த நேரத்தில் எனக்கு அப்படித் தெரியவில்லை. நான் என்ன எழுதுகிறேன் என்று கவனிக்கிறார் என்றே நினைத்தேன். இரண்டும் ஒருசேர இருந்திருக்கலாம். கையில் படிவத்தோடு உட்கார்ந்திருப்பவரை எந்த ஆசிரியரும் உதவிக்கு வந்தவராக மட்டும் பார்க்க முடியாது. பக்கத்து நாற்காலியில் தலைமையாசிரியர் வேறு இருந்தார்; பலகை பயன்பாட்டில் இருப்பதை நான் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதற்காகவே அந்தப் பாடவேளையை ஏற்பாடு செய்தவர் அவர். பலகை வந்த பிறகும் பழையபடி நடத்துகிறார்கள் என்ற பேச்சு மேலே போய்விடக் கூடாது என்ற கவலை அவருக்கு. அந்தக் கவலையை நான் குறை சொல்லமாட்டேன், கூட்டங்களில் கேள்வி கேட்கப்படுபவர் அவர்தான். வகுப்பு முடிந்ததும், "பசங்க நல்லா ரெஸ்பான்ஸ் பண்ணாங்க சார், அதையும் எழுதிடுங்க" என்றார். எழுதினேன். பொய்யில்லை, இழுக்க இழுக்க எண்கள் மாறுவதைப் பிள்ளைகள் கண்கொட்டாமல்தான் பார்த்தார்கள்.

இதே ஆசிரியை இதே பாடத்தைக் கோணமானி வைத்து நடத்தியதையும் முன்பு பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் ஆளுக்கொரு முக்கோணம் வரைந்து அளந்தார்கள். ஒருவருக்கு 178, ஒருவருக்கு 183. அவர் சற்றும் கலங்காமல் எல்லாவற்றையும் கரும்பலகையில் எழுதினார், "எல்லாம் எதைச் சுத்தி வருது பாருங்க" என்றார், பிறகு காகித முக்கோணத்தின் மூன்று முனைகளைக் கிழித்து ஒரு நேர்கோட்டின் மேல் ஒட்டிக் காட்டினார். அந்த வகுப்பில் 181 ஒரு சிக்கலே இல்லை. பென்சில் மழுங்கியிருந்தது, கை நகர்ந்துவிட்டது என்று பிள்ளைகளுக்கே தெரியும். பிழை மனிதருடையதாக இருக்கும்வரை அதை வைத்துக்கொண்டு அவர் அழகாகப் பாடம் நடத்தினார். திரை அந்தப் பிழையை எடுத்துக்கொண்டபோது அவரிடம் இருந்த அந்த நிதானமும் கூடவே போய்விட்டது. கருவியைக் கொண்டுபோய்க் கொடுத்த நான், அவரிடம் ஏற்கெனவே இருந்த ஒரு திறமையைத் தளர்த்திவிட்டேனோ என்று சில நாள் நினைக்கிறேன். அது மிகை என்றும் தோன்றும்: ஒரே உச்சியை இழுத்து எத்தனையோ முக்கோணங்களைக் காட்டுவது கோணமானியால் ஆகாது, பாடநூலின் இணையச் செயல்பாட்டுப் பெட்டிகளில் ஜியோஜீப்ராவைச் சேர்த்தவர்கள் அதைக் காரணத்தோடுதான் சேர்த்தார்கள்.

தமிழ்நாட்டில் 2018 முதல் வந்த புதிய பாடநூல்களில் விரைவுத் துலங்கல் (QR) குறியீடுகள், 2019-இல் கல்வித் தொலைக்காட்சி, 2023-இல் பாடக் காணொளிகளுக்கான மணற்கேணி செயலி, பிறகு திறன்மிகு பலகைகள், கைக்கணினிகள். ஒவ்வொன்றுக்கும் பயிற்சி நடந்தது, நானும் நடத்தியிருக்கிறேன். எப்படி உள்நுழைவது, எதை அழுத்துவது, எங்கே பதிவேற்றுவது என்பதிலேயே நேரம் கழிந்துவிடும். கல்வி ஆய்வாளர்கள் மிஸ்ராவும் கோலரும் 2006-இல் முன்வைத்த அந்த மூன்று வட்டப் படம் எங்கள் பயிற்சி வில்லைகளில் தவறாமல் இருக்கும்: பாட அறிவு, கற்பிக்கும் அறிவு, தொழில்நுட்ப அறிவு, மூன்றும் வெட்டிக்கொள்ளும் நடுப்பகுதிதான் முக்கியம் என்போம். அந்த நடுப்பகுதிக்கு ஓர் எடுத்துக்காட்டுச் சொல்லச் சொன்னால் இனி 181-ஐத்தான் சொல்வேன். தோராயம் என்றால் என்ன என்பது அந்த ஆசிரியைக்குத் தெரியும், பிள்ளைகளின் பிழையைக் கையாளத் தெரியும், உச்சியை இழுக்கவும் தெரியும். மூன்றும் தனித்தனியாக இருந்தன.

இப்போது பயிற்சியில் வேண்டுமென்றே 181 வரும் முக்கோணத்தை முதலில் காட்டுகிறேன். சில ஆசிரியர்கள் ரசிக்கிறார்கள். சிலர், "ஏற்கெனவே பயந்துபோய் இருக்கோம், இதை வேற காட்டுறீங்களே சார்" என்கிறார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இதைப் பார்த்தபின் பலகையே வேண்டாம் என்று போனவர்களும் இருக்கலாம். பின்வரிசையில் வாய் திறப்பதில்லை என்ற விதியையும் நான் மாற்றவில்லை. அன்றே எழுந்து, "தம்பி, நீ சரியாத்தான் கூட்டியிருக்கே" என்று சொல்லியிருந்தால் அந்தப் பையனுக்கு நல்லது நடந்திருக்கும். ஆனால் தாழ்வாரத்தில் என்னிடம் அந்தக் கேள்வியை ஆசிரியை கேட்டிருப்பாரா என்பது சந்தேகம். இப்படி யோசிக்கும்போதே, ஒரு பிள்ளையின் சரியான விடையை எடைக்கு எடை வைத்துப் பார்ப்பது எந்த வகைக் கணக்கு என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்த முறை போனபோது, உற்றுநோக்க வராமல் அவரோடு சேர்ந்தே அந்தப் பாடவேளையை நடத்தலாமா என்று தலைமையாசிரியரிடம் கேட்டேன். அவர் தயங்காமல் சம்மதித்தார். ஆனால் பார்வைப் பதிவேட்டில் அதை என்னவென்று எழுதுவது என்று கேட்டார். ஆசிரியையிடம் கேட்டபோது, வெளிக்கோணப் பாடத்துக்கு வாருங்கள், ஆனால் படிவத்தை அலுவலக அறையிலேயே வைத்துவிட்டு வாருங்கள் என்றார். படிவம் நிரப்பாமல் அந்த நாளின் பள்ளிப் பார்வையைக் கணக்கில் காட்ட எனக்கு வழியில்லை. நிரப்பிய பிறகுதான் வகுப்புக்குப் போனேன்.