மாயவரம் வண்டியில் வந்த சார்

நம் பொறையார் பள்ளி முன்னாள் மாணவர் சங்கத்தின் இந்த ஆண்டு மலருக்கு விளையாட்டு விழா நாட்களைப் பற்றி எழுதித் தருவதாகச் சொல்லியிருந்தேன். அதற்குள் நம் வரலாற்று சார் மாயவரத்தில் (இன்றைய மயிலாடுதுறை) காலமான செய்தி வந்துவிட்டது. இப்போது வேறு எதையும் எழுதத் தோன்றவில்லை.

சார் தினமும் தரங்கம்பாடி வண்டியில் வந்து பொறையாரில் இறங்குவார். ஸ்டேஷனிலிருந்து யார் கூட நடந்தாலும் பாடம் அங்கேயே தொடங்கிவிடும். பானிப்பட் போரை வேகமாக முடித்துவிட்டு, 1926இல் போட்ட அந்த ரயில் பாதைக்கு வந்துவிடுவார். ஸ்டேஷன் ஸ்டேஷனாகத்தான் நமக்கு வரலாறு.

மாயவரம் என்றால் முன்சீப் வேதநாயகம் பிள்ளை. தாது வருஷப் பஞ்சத்தில் அவர் கொடுத்த கொடை. 1879இல் வந்த பிரதாப முதலியார் சரித்திரம். தரங்கம்பாடி என்றால் 1620இல் ரகுநாத நாயக்கரிடம் இடம் வாங்கிக் கோட்டை கட்டிய டேனிஷ்காரர்கள், 1706இல் வந்து இறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்க், அவர் கேட்டு வரவழைத்த அச்சு இயந்திரம். காகிதம் போதாமல் போனபோது பொறையார் பக்கத்திலேயே பட்டறை போட்டார்கள். நம்மில் பாதிப் பேர் கடுதாசிப்பட்டறை வழியாகத்தான் பள்ளிக்கு வந்தோம். சார் சொல்லும்வரை அந்த இடத்துக்கு ஒரு கதை இருப்பதே தெரியாது. அச்சு இறங்கிய கரைக்கும் முதல் தமிழ் நாவலை எழுதியவர் வாழ்ந்த ஊருக்கும் நடுவே ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். மாயவரத்துப் பையன்கள் முன்னால் நாம் கூச வேண்டியதில்லை என்று நமக்குக் காட்டியது அந்தக் கணக்குதான்.

தில்லையாடிக்கு வரும்போது மட்டும் சார் நிதானமாகிவிடுவார். வள்ளியம்மை பிறந்தது தென்னாப்பிரிக்காவில். அம்மாவின் ஊர்தான் தில்லையாடி. அங்கே இந்தியர்கள் மேல் போட்ட தலைவரியையும், நம் திருமணங்கள் செல்லாது என்ற தீர்ப்பையும் எதிர்த்து 1913இல் பெண்களோடு நடந்து சிறை போனாள். சிறையில் நோய் பிடித்தது. வெளியே வந்த சில நாட்களில், 1914 பிப்ரவரி 22 அன்று, 16 வயதில் இறந்துபோனாள். அடுத்த ஆண்டே காந்தி தில்லையாடிக்கு வந்தார். அவள் மட்டும் அந்த ஊரைப் பார்க்கவே இல்லை. இதைச் சொல்லிவிட்டு சார் சற்று நேரம் ஜன்னல் பக்கம் திரும்பி நிற்பார். வகுப்பில் சத்தமே இருக்காது.

1986இல் வண்டி நின்றது. சார் பஸ்ஸுக்கு மாறினார். ஸ்டேஷன் வரிசையை மட்டும் மாற்றவில்லை.

2020 டிசம்பரில் மயிலாடுதுறை தனி மாவட்டமானபோது சிங்கப்பூரிலிருந்து போன் செய்தேன். "வா தம்பி, உன் மாவட்டத்தை வந்து பாரு" என்றார். வருகிறேன் சார் என்றேன். அப்பா அம்மா போன பிறகு ஊருக்குப் போவதே அபூர்வம். போனாலும் கல்யாணம், பத்திரம், பேங்க் வேலை என்று நாட்கள் தீர்ந்துவிடும். வள்ளியம்மை பார்க்காத ஊரில் பிறந்து வளர்ந்தவன் நான். அதை விட்டு வந்து பிழைத்ததில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் சார் கூட ஒருமுறை அந்தப் பழைய பாதையோரமாக நடந்திருக்கலாம் என்ற ஏக்கம் இந்த வயதில் பெரிதாக வலிக்கிறது.

அவர் கைப்பட எழுதிய குறிப்புகள் கட்டுக் கட்டாக வீட்டில் இருக்கின்றன என்று சாரின் மகள் சொன்னார். அச்சுச் செலவைச் சங்கம் ஏற்கலாம், அது சிரமமில்லை. ஆனால் மாயவரத்தில் உட்கார்ந்து அவற்றைப் பிரித்து, ஊர் ஊராக அடுக்க ஆள் வேண்டும். சாரிடம் படித்து இன்னும் ஊரிலேயே இருப்பவர்கள் யாரையாவது தெரிந்தால் எனக்கு எழுதுங்கள்.