அரைவாசிக்கு மேல் ஓடாத படகு இஞ்சின்

மட்டக்களப்பு கல்லடிப் பக்கம் வாவிக்கரையில் கட்டிக் கிடக்கும் எங்கள் போட்டில் 15 குதிரைவலு இஞ்சின். இரண்டு ஸ்ட்ரோக், இரண்டு சிலிண்டர், எரிபொருளையும் காற்றையும் கலந்து கொடுக்கும் காபரேட்டர் ஒன்றே ஒன்று. பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிற வகை. சும்மா நிற்கையில் நன்றாக இரையும். வேகம் கூட்டும் பிடியை அரைவாசிக்கு மேல் முறுக்கினால் இழுத்து இழுத்து அடங்கிவிடும். கரையில் நின்றவர்கள் எல்லாரும் ஒரே வாயாக, "காபரேட்டர் அடைச்சிட்டு, கழட்டிக் கழுவு" என்றார்கள்.

இருக்கலாம். ஆனால் மெயின் ஜெட் (காபரேட்டருக்குள் எரிபொருள் போகும் சிறு பித்தளைத் துளை) அடைத்தாலும் இப்படித்தான் காட்டும், காபரேட்டர் வரைக்கும் எரிபொருள் சரியாக வந்து சேராவிட்டாலும் இப்படித்தான் காட்டும். இரண்டையும் பிரித்தறிய, எரிபொருள் குழாயின் நடுவில் இருக்கும் ரப்பர் கைப்பம்ப் போதும். ட்ரம்மில் தண்ணீர் நிரப்பி ஓட்டினால் பாரம் இராது, அதனால் வாவிக்குள்ளேயே போனோம். மச்சான் பிடியை முறுக்க, இஞ்சின் அடங்கப் பார்க்கிற நேரத்தில் நான் பம்பை அமுக்கினேன். உடனே எழும்பியது. கையை எடுத்ததும் திரும்ப விழுந்தது. அப்படியென்றால் முதல் கோளாறு காபரேட்டருக்கு முன்னால்.

பம்ப் சப்பி ஒட்டிக்கொண்டால் எரிபொருள் தாங்கி மூடியின் காற்றுத் திருகி பூட்டியிருக்கும், அல்லது தாங்கிக்குள் உறிஞ்சும் வலை அடைத்திருக்கும். எங்களுடையது ஒட்டவில்லை, தொளதொளவென்று இருந்தது. எங்கோ காற்று உள்ளே போகிறது. இஞ்சினில் குழாயை மாட்டும் இடத்தின் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) காய்ந்து வெடித்திருந்தது. ஓடும்போது வெளியே ஒரு சொட்டும் ஒழுகாது, காற்றைத்தான் இழுக்கும்; அதனால் கண்ணுக்குப் படவே இல்லை. அதை மாற்றினோம். இஞ்சினில் இருக்கும் எரிபொருள் பம்பின் மென்தகட்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், ஓட்டை இல்லை.

சரி, முக்கால் வரைக்கும் போனது. அதற்கு மேல் மறுபடியும் தடுமாற்றம், இந்த முறை பம்பை அமுக்கியும் பலனில்லை. காற்றைக் குறைத்து எரிபொருளைக் கூட்டும் சோக்கை ஒரு கணம் இழுத்தால் மட்டும் உயிர் வந்தது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் கபிலமாக இருக்க வேண்டிய முனை வெளிறிப் போயிருந்தது, அதாவது எரிபொருள் போதவில்லை. இதை அலட்சியம் பண்ணக்கூடாது. இரண்டு ஸ்ட்ரோக்கில் மசகெண்ணெய் எரிபொருளோடு கலந்துதான் உள்ளே போகிறது. எரிபொருள் குறைந்தால் மசகெண்ணெயும் குறையும், பிஸ்டன் இறுகிவிடும்.

இப்போதுதான் காபரேட்டரைத் திறந்தேன். எரிபொருள் தங்கும் கிண்ணத்தின் அடியில் தண்ணீர் முத்துகள், ஓரத்தில் வெள்ளைப் பூப்போல உப்பு. மெயின் ஜெட் கிண்ணத்தின் அடியிலிருந்தே உறிஞ்சுகிறது, தண்ணீரும் அங்கேதான் போய்த் தங்குகிறது. தாங்கியில் இருந்த மண்ணெண்ணெயை ஒரு கண்ணாடிப் போத்தலில் ஊற்றி வைத்தபோது அடியில் தண்ணீர் தனியாகத் தெரிந்தது. மாரி மழையில் வெளியே கிடக்கும் கான்களில் இது சாதாரணம். இனி துணியில் வடித்து ஊற்றுவதோடு விடாமல், கானை அசையாமல் வைத்துத் தெளியவிட்டு, அடியை விட்டுவிட்டே ஊற்றுகிறோம்.

ஜெட்டைக் கழற்றி மின்வயரிலிருந்து உருவிய ஒற்றைச் செப்பு இழையால் குத்தி, பெற்றோலில் அலசி, காற்றால் ஊதினேன். தையல் ஊசி கிட்டவும் வரக்கூடாது. பித்தளைத் துளை பெருத்தால் பிறகு எப்போதும் புகைதான். சும்மா நிற்கையில் ஓடும் கலவையைச் சீராக்கும் பைலட் திருகியைக் கழற்றுமுன் எத்தனை சுற்று உள்ளே போகிறது என்று எண்ணிக் குறித்துக்கொண்டேன். கிண்ணத்தில் எரிபொருள் மட்டத்தைக் காக்கும் மிதவையின் உயரத்தைத் தொடவில்லை.

இப்போது பிடியை முழுதாக முறுக்கினாலும் நிதானமாக ஓடுகிறது. பாரத்தோடு முகத்துவாரம் வரை போய் வந்தாயிற்று, பிளக்கும் கபிலத்துக்குத் திரும்பியிருக்கிறது. மிச்சம் இருப்பது ஒன்று: நிறுத்தி வைத்த பிறகு காபரேட்டரில் சொட்டு ஒழுகுகிறது. மிதவை எழும்பும்போது எரிபொருளை அடைக்கும் ஊசி வால்வு சரியாக உட்காரவில்லை போலிருக்கிறது. புதிய ஊசியும் இருக்கையும் சொல்லி வைத்திருக்கிறேன். அதுவரை கரை வருமுன் பெற்றோலுக்கு மாற்றி, குழாயைக் கழற்றி, கிண்ணம் வற்றும்வரை ஓடவிட்டு நிறுத்துகிறோம்.