மென்னாவின் முகம்: நாட்குறிப்பு

பிப்ரவரி 4

அண்ணனின் மருத்துவ அறிக்கை இன்றும் வரவில்லை. அவர் உறங்கியபின் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் வரை நடந்து போனேன். பண்டைய எகிப்திய அதிகாரி மென்னாவின் கல்லறைச் சுவரிலிருந்து ஓவியர் நீனா டி காரிஸ் டேவிஸ் 1924-இல் படியெடுத்த ஓவியத்தின் முன்னால் நெடுநேரம் நின்றிருந்தேன். குடும்பத்தோடு படகில் நின்று பறவை வேட்டையாடும் காட்சி அது. நாணற்புதரிலிருந்து பறவைகள் கலைந்து எழுகின்றன. படகின் விளிம்பிலிருந்து மகள் குனிந்து தாமரை மொட்டைப் பறிக்கிறாள். மென்னாவின் முகத்தை மட்டும் யாரோ வேண்டுமென்றே கொத்திச் சிதைத்திருக்கிறார்கள். நீனா அந்தக் கொத்தலையும் விடாமல் தீட்டியிருக்கிறார்.

பிப்ரவரி 5

கண்ணை மூடினால் அந்த மகளின் கைதான் தெரிகிறது.

பிப்ரவரி 8

இரவெல்லாம் நீனாவைப் பற்றியே படித்துக்கொண்டிருந்தேன். 1907-இல் எகிப்தியவியலாளர் நார்மனை மணந்துகொண்டு, எகிப்தின் லக்சருக்கு எதிரே நைலின் மேற்குக் கரையில் குடியேறி, கண்ணாடிகளால் வெயிலை உள்ளே திருப்பிவிட்ட கல்லறைகளுக்குள் ஆண்டுக்கணக்கில் இருவரும் வேலை செய்திருக்கிறார்கள். நீர்வண்ணத்தில் தாளின் வெண்மை ஊடே தெரியும் என்பதால், சுவரில் இருப்பதைப் போலவே கனமாக அமரும் டெம்பரா என்ற வண்ணத்தைத் தீட்டினார்கள். முதலில் கோடுகளை மெல்லிய தாளில் ஒற்றியெடுத்து, அதன் பிறகுதான் வண்ணத்தைத் தொட்டார்கள். காவிச் சிவப்பையும் எகிப்திய நீலத்தையும் இணக்கிய அதே கவனத்தோடு, உதிர்ந்துபோன சுண்ணப்பூச்சின் மங்கிய பழுப்பையும் நீனா இணக்கியிருக்கிறார். காயத்துக்கும் நிறம் தேடிய அந்தப் பொறுமையை நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது.

பிப்ரவரி 9

அண்ணன் முகம் பார்க்கக் கண்ணாடி கேட்டார். நான் கொடுக்கவில்லை.

பிப்ரவரி 11

நீனா நினைத்திருந்தால் அந்த முகத்தை எளிதில் நிரப்பியிருக்கலாம். அந்தக் காலத்து முகங்களின் வாய்ப்பாடு அவருடைய விரல்களுக்குப் பழகியிருந்தது. கண்ணும் மூக்கும் எங்கே வரவேண்டும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். நிரப்பியிருந்தால் அழகாகவும் இருந்திருக்கும், ஆனால் அது மென்னாவின் சுவராக இருந்திருக்காது. இதை அண்ணனிடம் எப்படிச் சொல்வது?

பிப்ரவரி 12

அறிக்கை வந்துவிட்டது. இன்று எழுத முடியவில்லை.

பிப்ரவரி 14

எகிப்திய மன்னன் துட்டங்காமனின் கல்லறைக்கு முழு அளவில் ஒரு நகலறை செய்து 2014-இல் லக்சருக்கு அருகே திறந்தார்கள். பழைய அகழ்வின்போது பெயர்த்தெடுக்கப்பட்ட சுவர்த்துண்டு ஒன்றைப் பழைய புகைப்படங்களைக் கொண்டு மீட்டுருவாக்கினார்கள். ஆனால் அதை நகலறைச் சுவரில் பதிக்காமல் தனியாகவே வைத்தார்கள். இதை அண்ணனுக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார்; பிறகு மறுபடியும் கண்ணாடி கேட்டார்.

பிப்ரவரி 15

நாளைக் காலையில் அண்ணனின் முகத்துக் கட்டைப் பிரிக்கிறார்கள். அவர் படுக்கையருகே வைப்பதற்காக மென்னா ஓவியத்தின் அச்சுப்படம் ஒன்றைக் கொண்டுவந்தேன். மகளும் தாமரை மொட்டும் மட்டும் தெரியும்படி முதலில் அதை மடித்து வைத்தேன். பிறகு மடிப்பைப் பிரித்துவிட்டேன்.