லேப் ஆட்கள் இரண்டு முறை திரும்பிப் போன ஜெனரேட்டர்

கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு மாங்கூழ் ஆலை. அங்கிருக்கும் 400 கேவிஏ டீசல் ஜெனரேட்டரின் புகையை லேப் ஆட்கள் சோதித்துத் தரும் அறிக்கை கைக்கு வர இரண்டு மாதம் ஆகிவிட்டது. விண்ணப்பமும் கட்டணமும் ஆன்லைனில் சுலபமாக முடிந்தன. சிக்கல் எல்லாம் குழாயில்தான்.

முதல் தடவை லேப் ஆட்கள் ஏறிப் பார்த்துவிட்டு, சாம்பிள் எடுக்காமலே இறங்கிவிட்டார்கள். சாம்பிள் போர்ட்டை, அதாவது புகை மாதிரி எடுக்கும் துளையை, குழாய் வளையும் பெண்டை ஒட்டியே வெல்டு வைத்திருந்தார்கள். பெண்டுக்கும் போர்ட்டுக்கும் நடுவே குழாய் விட்டத்தைப் போல் 8 மடங்கு, போர்ட்டுக்கு மேலே 2 மடங்கு நேர்க்குழாய் இருந்தால்தான் புகை சுழலாமல் வரும். 8 அங்குலக் குழாய்க்கு 1.6 மீட்டரும் 40 சென்டிமீட்டரும். வெல்டரிடம் வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள், குழாயிலேயே சாக்பீஸால் குறித்துக் கொடுங்கள்.

புகைபோக்கியின் உயரமும் போதவில்லை. கேவிஏவின் வர்க்கமூலத்தை 0.2ஆல் பெருக்கிக் கட்டட உயரத்தோடு கூட்ட வேண்டும். 400க்கு 4 மீட்டர், கொட்டகை 5.5, ஆக 9.5. நடுவில் கூரையை உயர்த்தியவர்கள் புகைபோக்கியை மறந்துவிட்டார்கள்.

லேப் ஆட்கள் இரண்டாம் முறை வர ஆகஸ்டில்தான் தேதி கிடைத்தது. சீசன் முடிந்துவிட்டதால் ஜெனரேட்டர் மேல் மின்சுமை, அதாவது லோடு, 15 சதவீதம்கூட இல்லை. புகை கறுத்தது, எக்ஸாஸ்ட் ஜாயின்ட்டில் பிசின் மாதிரி கறுப்பு எண்ணெய் வழிந்தது. 30 சதவீதத்துக்குக் கீழே நெடுநேரம் ஓட்டினால் சிலிண்டர் சூடேறாது, டீசல் அரைகுறையாக எரியும். டீசலைத் தூவும் இன்ஜெக்டர்களைக் கழற்றி சோதனை பெஞ்சில் மாட்டினால், ஆறில் இரண்டு பனி போலத் தூவாமல் சொட்டுச் சொட்டாக விட்டன.

இன்ஜெக்டர் முனையிலுள்ள நாசிலும் ஏர் ஃபில்டரும் மாற்றி, டர்போ ஹோஸ் கிளாம்பை இறுக்கி, ஓசூரிலிருந்து லோடு பேங்க் (செயற்கையாக மின்சுமை தரும் கருவி) வாடகைக்கு எடுத்து 25, 50, 75 சதவீதம் என்று ஏற்றி மூன்று மணி நேரம் ஓட்டியாயிற்று. முதல் அரை மணி நேரம் கரும்புகை கொட்டும். குழாயில் படிந்த கரி எரிந்து வருகிறது, பயந்து நிறுத்திவிடாதீர்கள். தீப்பொறி விழும் இடத்தில் சருகு, சாக்கு மட்டும் இருக்கக் கூடாது. பிறகு போக்கி வாயில் அனல் அலை மட்டுமே தெரிந்தது. பார்க்கவே நிம்மதியாக இருந்தது!

இதைச் செய்யும் முன் புகை வடிகட்டி வாங்காதீர்கள். புகையிலுள்ள துகளில் குறைந்தது 70 சதவீதம் பிடிக்கும் என்று சான்று பெற்றதாகவே இருந்தாலும், நாசில் சொட்டும் எஞ்சினில் மாட்டினால் கரி அடைத்துக்கொள்ளும். துகள் வடிகட்டி நைட்ரஜன் ஆக்சைடைக் குறைப்பதும் இல்லை. அதற்கு யூரியாக் கரைசல் டேங்கோடு வரும் வினையூக்கிச் சாதனம் வேண்டும், கரைசலில் யூரியா 32.5 சதவீதம். வயலுக்குப் போடும் யூரியாவைக் கரைத்து ஊற்றினால் வினையூக்கி பாழாகிவிடும்.

மூன்றாம் முறை அளவு வரம்புக்குள் வந்தது. அடுத்த வருடத்துக்கு ஜூனிலேயே, கூழ் லைன் முழு லோடில் ஓடும்போது, லேப் தேதி கேட்டாயிற்று.