பழுப்பு நிற ஒட்டுத்தாள்

இன்று காரைக்குடி மருந்துக் கடையொன்றில், காது கேட்கும் கருவிக்குப் பேட்டரி வாங்க வந்த ஆச்சி ஒருவர், எந்த அளவு என்று கேட்டதும் சுருக்குப் பையிலிருந்து பழைய பேட்டரியில் ஒட்டியிருந்த பழுப்பு நிற ஒட்டுத்தாள் ஒன்றை எடுத்து நீட்டினார்.

“இதே கலர்ல குடுங்க தம்பி.”

அவர் கேட்டது முற்றிலும் சரி. மஞ்சள் என்றால் 10 என்ற அளவு எண், பழுப்பு 312, ஆரஞ்சு 13, நீலம் 675 என்னும் நிறக் குறிப்பு எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவானது என்பதால், நிறம் ஒத்திருந்தால் நிறுவனம் மாறினாலும் பேட்டரி பொருந்தும். ஒட்டுத்தாளை உரித்தபின் காற்று உட்புகச் சில நிமிடங்கள் விட்டுப் பொருத்துவது நல்லது.

மற்ற பாகங்களுக்கு இந்தப் பொதுமை கிடையாது.

காதுக்குள் செல்லும் குமிழ் போன்ற சிலிக்கோன் முனையான டோம், பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும், நிறுவனத்துக்கும் மாடலுக்கும் ஏற்ப அதன் பிடிப்பு வேறுபடும். பொருந்தாதது கழன்று காதுக்குள்ளேயே தங்கிவிடக்கூடும் என்பதால், இதில் மலிவு பார்ப்பதை நான் ஏற்கவே மாட்டேன். துளையுள்ள டோமுக்குப் பதிலாக மூடிய டோமைப் போட்டால் ஒலியே மாறிவிடும். காதழுக்கு வடிகட்டியும் அப்படியே, மாடல் பார்த்து வாங்க வேண்டியது.

காதுக்குள் ஒலியெழுப்பும் சிறு ஒலிபெருக்கியான ரிசீவரைக் கருவியோடு இணைக்கும் வயரில் சிவப்பு வலக்காதுக்கும் நீலம் இடக்காதுக்கும் உரியவை. நீளமும் ஒலித்திறனும்கூட ஒத்திருக்க வேண்டும்.

சிங்கப்பூரிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் பெற்றோருக்கு இவற்றை வாங்கி அனுப்பும் பிள்ளைகள், கருவியின் மாடல் பெயரையும் பழைய பாகத்தையும் படமெடுத்து அனுப்பச் சொல்லி, கருவியைப் பொருத்திய செவித்திறன் நிபுணரிடம் கேட்டபின் வாங்குங்கள்.